பிற

பதினோராம் கட்டம் கேட்கிறது:
மாடு தங்குமிடம்.
கூரைக் கொட்டில். ஓட்டுக் கொட்டில்.
திறந்த முற்றம். பிற.
ஒன்றைத் தொட்டால்தான்
அடுத்த வீட்டைத் திறந்துவிடும் இந்த டேப்லெட்.

வாலிநோக்கத்துக்கும் மாரியூருக்கும் இடையே
மூன்று நாளாய் மாடு எண்ணுகிறேன்.
வீடுகளில் மாடு இல்லை.
கொட்டில் இருக்கிறது.
ஒன்றில் நண்டு வலை, ஒன்றில் ஐஸ் பெட்டி,
நம்புத்தாய் கொட்டிலில் மருமகனின் பைக்
சாக்குப் போர்த்திப் படுத்திருக்கிறது.
"மாடா? எங்களுக்கா? யாரு சொன்னா?"
காதில் வில்லை மாட்டிவிட்டால்
ரோட்டில் அடிபடும்போது
கேஸ் வீடு தேடி வருமாம்.
சொல்லிக்கொண்டே டீ கொடுத்தாள்.
கறந்த வாசம் போகாத பால்.

நான் எதையும் குறிக்கவில்லை.
குளம்படி போன வழியே போனேன்.

தரவையில் பதினாலு.
தை பிறந்து ஒன்பது நாள்தான்,
அதற்குள் புல் பழுத்துவிட்டது.
நாக்கு சுற்றிப் பிடிக்க நீளம் இல்லாததை
உதட்டால் சுரண்டி
மண்ணைத் தும்மி
மறுபடி சுரண்டின.
உப்பளத்து வரப்பை ஒரு செவலை
ஈன்ற கன்றை நக்குவதுபோல் நக்கிக்கொண்டிருந்தது.
கரையில் ஒதுங்கிய பாசியைக்
கன்று முகர்ந்துவிட்டு விலகியது.
தாய் தின்றது.

கடலுக்கு நூறடி தள்ளி, மணலில் ஊற்று.
பெண்கள் சிரட்டையால் கோரிக் குடம் நிரப்பும் வரை
வால்கூட ஆட்டாமல் நின்றன.
அவர்கள் போனதும்
முன்னங்கால் இரண்டையும் மடித்து
மண்டியிட்டுக் குடித்தது மயிலை.
மேலே நல்ல தண்ணீர், கலக்கினால் உப்பு.
எங்கே நிறுத்த வேண்டும் என்று
அதற்குத் தெரிந்திருந்தது.

மத்தியானம்.
ஒற்றை உடைமரம், கீழே ஏழு மாடு.
நிழல் நகர நகர
எழுந்து, ஓர் உடம்பு தள்ளி, படுத்தன.
மூன்றரை மணிக்குள்
இருப்பிடம் நாலு முறை மாறிவிட்டது.
நானும் தள்ளித் தள்ளி உட்கார்ந்தேன்.
ஆதாரில் எனக்குப் பரமக்குடி.
ரேஷன் கார்டில் இன்னும் அப்பா வீடு.
தூங்குவது சாயல்குடியில்,
மெடிக்கல் ஷாப் மாடியில், மாத வாடகை.

வெயில் தாழ, சீமைக்கருவேலுக்குள் நுழைந்தன.
நெற்று மெல்லும் சத்தம்
பந்தியில் அப்பளம் நொறுங்குவது மாதிரி.
பழைய சாணி ஒன்றைக் குச்சியால் பெயர்த்தேன்.
நாலு விதை. அதில் இரண்டு
நகத்தளவு பச்சை விட்டிருந்தன.
கண்மாயைக் குடித்தது இந்த மரம்,
வேரோடு பிடுங்கு என்று
எங்கள் ஆபீஸ் சுவரில் போஸ்டர் உண்டு.
மாடோ போகிற இடமெல்லாம்
போட்டுக்கொண்டே போகிறது,
தன் தண்ணீரைக் குடிக்கப்போகிற நிழலை.

ராத்திரி எல்லாமே தார் ரோட்டில்.
பனி இறங்கிய மண்ணைவிடத்
தாரில் கொஞ்சம் பகல் மிச்சம் இருக்கிறது.
காற்று கொசுவை நிற்கவிடாது.
மீன் லாரி ஹாரன் அடித்தது.
ஒன்றும் எழவில்லை.
சந்தியாப்பிச்சை இறங்கி வந்து
கொம்பு முறிந்ததன் புட்டத்தில் தட்டினார்.
"இவ எப்பவும் இந்தக் கல்லுதான்.
காரி, பாலத்துக்கு இந்தப் பக்கம்.
பாலத்து மேல ஒன்னு கெடக்கும்.
போன மாசம் வரைக்கும்."
அதற்கு மேல் சொல்லவில்லை.
யார் மாடு என்றேன்.
"ரோடு யாருதோ, அவுகளுது."

சிவப்பு விளக்கு மறைந்ததும்
விட்ட இடத்துக்கே வந்து படுத்தது அது,
முகம் கிழக்கே, காற்றுக்கு நேராக.
கச்சான் அடிக்கும் மாதங்களில்
திரும்பிப் படுக்குமாம்.

பிற என்பதைத் தொட்டேன்.
விவரம், இருபது எழுத்துக்குள், என்றது.
கொண்டல் என்று அடித்தேன்.
கொட்டில் என்று திருத்திக்கொண்டது.
அழித்துவிட்டு மறுபடி அடிக்கிறேன்.